இரண்டாம் நம்பர் லிஃப்ட்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பார்க்கலாம். மற்றபடி அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அவர் ரசமட்டம்தான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அதை எடுத்து மேஜைமேல் வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். மச்சினி ஆசை ஆசையாய்க் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போன இடத்திலும் சமையல் மேடைமேல் அதை வைத்தார். குமிழி ஓரமாக ஒதுங்கியது. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அரை இஞ்ச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். மச்சினி இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வேலை, முப்பத்தோரு வருடமாக. கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். மாதம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, லிஃப்டின் தரையில் வைத்து, ஏழாவது மாடிவரை போய் வருவார். ஒரு சொட்டு சிந்தினாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் ஏற இறங்க நிற்கக் கூடாது. அப்படி நிற்காது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கதவு திறந்ததும் உள்ளே இருக்கிறவர் முதலாளியோ தபால்காரரோ, எல்லாரிடமும் "பாத்து இறங்குங்க" என்பார். அதைச் சொல்லாமல் யாரையும் இறக்கிவிட்டதில்லை.

பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வெறுப்பெல்லாம் இல்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் அதில் எங்கே பழுது என்றுதான் அந்தக் காது தேடும். ஃபேன் சுற்றினால் பேரிங் போய்விட்டது என்பார். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடினால் அடியில் ரப்பர் கழன்றிருக்கிறது என்பார். இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அவளுக்குப் பாட்டுப் பைத்தியம். வீட்டில் கடவுள் விளையாடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் இன்சூரன்ஸ் ஆபீஸில் நாலு வருடம் வேலை பார்த்தாள். சாயங்காலங்களில் ஒரு ராக் பேண்டில் கீபோர்டு வாசித்தாள். கிடாரை உச்சத்தில் வைத்து, டிரம்ஸை அடித்து நொறுக்கி, பாடகன் தொண்டை கிழியக் கத்துகிற பேண்ட். பத்து வருடமாக இருநூறு பேருக்கு மேல் யாரும் அவர்களைக் கேட்டதில்லை. மகள் போய்ச் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. கதவு சாத்தும் சத்தம், பிரிண்டர் ஓடும் சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து, வெட்டி, நீட்டி, தாளமாக்கினாள். கிடார் கொஞ்சம் அடங்கியது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எட்டு மாதத்துக்கு முன்னால் இன்சூரன்ஸ் வேலையையும் விட்டாள்.

அதைச் சொல்ல அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கட்டடத்துக்கு வந்தாள். அவர் கருவிப் பையோடு ஏழாவது மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பர் லிஃப்டின் வாசலில் நின்று, வேலையை விட்டுவிட்டேன் என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் லிஃப்டுக்குள் போனார். அவளும் கூடவே ஏறினாள். ஏழு மாடியும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மேலே போனதும் அவள் இறங்கி, படிக்கட்டு வழியாகவே கீழே போய்விட்டாள். அந்த வாரமே தோழி ஒருத்தியோடு தனி அறை எடுத்துத் தங்கினாள். அதன்பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு, அம்மா வழியாகத்தான். அம்மா பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்துப் பழகியவர். இந்த இரண்டு பேரையும் அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, மனைவி மேஜைமேல் செல்போனை வைத்து ஒரு பாட்டைப் போட்டார். மகளின் பேண்ட் புதிதாகச் செய்த பாட்டு, ‘ஏழாவது மாடி’ என்று பெயர். ஒரு கம்பெனி அதை வெளியிட ஒத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் புதன்கிழமைக்குள் வீடியோ கைக்கு வந்தாக வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொரு பேண்டுக்குப் போய்விடும். இதையெல்லாம் மனைவி சொல்லிக்கொண்டே போனார். அவர் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

பாட்டின் ஆரம்பத்தில் குரலும் இல்லை, கிடாரும் இல்லை. ‘டொக்’ என்று ஒன்று. கொஞ்சம் விட்டு, ‘டக்’ என்று இன்னொன்று. மறுபடியும் டொக், டக். அதன்மேல் மெல்லக் கம்ப்யூட்டர் சத்தங்கள் வந்து உட்கார்ந்தன.

"இது ரெண்டாம் நம்பர் லிஃப்ட்" என்றார் அவர்.

அவருக்குத் தெரியாதா. லிஃப்ட் பெட்டி இரண்டு பக்கமும் நிற்கிற இரும்புத் தண்டவாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கும். பிடிக்கிற இடத்துக்கு ஷூ என்று பெயர். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஷூவுக்குள் லைனர் என்று ஒரு பட்டை இருக்கும். அது தேய்ந்துவிட்டால், தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மேல் ஷூ ஒருமுறை தட்டும், கீழ் ஷூ ஒருமுறை தட்டும். பெட்டியும் லேசாகக் குலுங்கும். ஆபத்து எதுவும் இல்லை, மானக்கேடுதான். ஒன்பது மாதமாகப் புது லைனர் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிர்வாகம் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது பெற்ற மகளே அந்தக் குறையை ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறாள்.

போதாக்குறைக்கு, வீடியோ எடுக்கப் போவதும் அதே லிஃப்டில், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றார் மனைவி. மகள் மேனேஜரிடம் நேரடியாகவே அனுமதி வாங்கியிருந்தாள். அவர் பாட்டை முழுதாகக் கேட்கவில்லை, கை கழுவ எழுந்துவிட்டார். கை கழுவிக்கொண்டே அவர் யோசித்ததை அவர் வார்த்தையிலேயே சொல்வதானால், பிள்ளை கேமராவோடு நம் இடத்துக்கு வருகிறது, லிஃப்ட் லொடலொடவென்று இருந்தால் யாருக்கு அசிங்கம்.

சனிக்கிழமை ஆபீஸ்கள் பன்னிரண்டுக்கே மூடிவிட்டன. ஒன்றாம் நம்பர் லிஃப்டுக்கென்று வந்து அலமாரியில் இருந்த புது லைனர்களை எடுத்தார். பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தும், அடியில் குழிக்குள் இறங்கியும் நான்கு ஷூவையும் கழற்றி, லைனர்களை மாற்றினார். தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் விட்டார். உள்ளே இருந்த கண்ணாடியைக்கூட பழைய செய்தித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஐந்து மணிக்கு டம்ளரை நிரப்பி வைத்து மேலே போனார். தண்ணீர் அசையவில்லை. எட்டு மாதமாக மகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தவர், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மாதிரி வீட்டுக்குப் போனார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு பேண்ட் வந்தது. பாடகன் வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், மேடையில்தான் கத்துவான், நேரில் பூனை. டிரம்ஸ்காரன் ஆள் அகலம். இன்னொருவன் கிடார். கேமரா பிடிக்க ஒரு பெண். அவளுக்கு மூன்று மணிவரைதான் அவகாசம், கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் கடைசியாக வந்தாள். அப்பாவைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். அவரும் ஆச்சு என்றார்.

கேமராப் பெண் பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, தண்ணீர் ஊற்றி, லிஃப்டின் தரையில் வைத்தாள். ரசமட்டத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பழக்கம் எங்கிருந்து போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் மகளைக் கூட்டி வந்து, அந்த டம்ளருக்குக் காவல் வைத்தவரே அவர்தான்.

லிஃப்ட் கிளம்பியது. அவர் வெளியே நின்றார். மேலே போய்த் திரும்பி வந்து கதவு திறந்தபோது உள்ளே எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

"அப்பா, லிஃப்டை என்ன பண்ணீங்க?"

"சரி பண்ணிட்டேன்" என்றார் அவர். அதை அவர் சொன்ன விதத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, திட்ட வாயெடுத்த டிரம்ஸ்காரன் தரையைப் பார்த்தான்.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தச் சத்தம்தாம்பா பாட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் டம்ளர்ல தண்ணி நடுங்கணும். அதுலதான் வீடியோவே ஆரம்பிக்குது."

அவர் அசந்து நின்றார். பழுது என்று ஒன்று இருந்தால் சரி செய்வார்கள், அதை வைத்துப் பாட்டுக் கட்டுவார்களா என்று கேட்டார். கண்ணாடிக் கடைப் பாடகன் சமாதானமாக, சத்தத்தைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம், தண்ணீரை நாமே ஆட்டிவிடலாம் என்றான். ஆட்டிப் பார்த்தார்கள். டிரம்ஸ்காரன் லிஃப்டுக்குள் குதித்தான். தண்ணீர் நடுங்கவில்லை, கொட்டியது. சுவரைக் குத்திப் பார்த்தார்கள். கேமராப் பெண் திரையில் பார்த்துவிட்டு, நாடகக் கொட்டகை மாதிரி இருக்கிறது என்றாள். மணி பதினொன்று. மகள் படிக்கட்டில் போய் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமையை விட்டால் பாட்டு இல்லை, பாட்டை விட்டால் பேண்டும் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் மனைவி சொல்லித் தெரியும்.

அவர் மெஷின் ரூமுக்குப் போனார். மூலையில் குப்பை டப்பா. பழைய லைனர்கள் நான்கும் அதில் கிடந்தன. எடுத்துத் துடைத்தார், அளந்து பார்த்தார். பட்டை மெலிந்திருந்தது, ஆனால் இரும்பும் இரும்பும் உரசும் அளவுக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஓடும். இதெல்லாம் நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கை வரத்தான் மறுத்தது. முப்பத்தோரு வருடத்தில் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுத் தேய்ந்துபோன சாமானை அவர் மாட்டியதில்லை. பத்து நிமிடம் அந்த நான்கு பட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, டிரம்ஸ்காரனிடம் டார்ச்சைக் கொடுத்து, கூரைமேல் ஏறினார்.

பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. மகளும் கேமராப் பெண்ணும் ஏறிப் போய் வந்தார்கள். தட்டியது. தண்ணீரும் நடுங்கியது. கேமராப் பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். போதும்ப்பா என்றாள் மகள்.

"போதாது" என்றார் அவர். "பாட்டுல இப்படி இல்ல. ரெண்டாவது தட்டு இன்னும் கனமா வரும். அந்தப் பாட்டைக் குடு."

தோழிகள் எல்லாரும் ஒருமாதிரிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய ஹெட்போன் மகளுடையது. அதை மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்டார். முதல்முறையாக முழுப் பாட்டையும் கேட்டார். ஆரம்பத்தை மட்டும் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை, தட்டுகள் முடிந்து பாடகன் குரல் எடுப்பதற்குச் சற்று முன்னால், மெஷின் பேசுவது போல ஒரு துண்டுச் சத்தம் வருகிற இடத்தில் கையைத் தூக்கினார்.

அது மெஷின் இல்லை. வெட்டி, நீட்டி, கீழே இறக்கி என்னென்னவோ செய்திருந்தாள். ஆனாலும் சத்தத்தில் மூலம் எது என்று தேடியே பழகிய காது. ‘பாத்து இறங்கு’ என்று அவருடைய குரல் அது.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். மகள் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்ட போட்டுக் காட்டலாம்னு செல்லுல ரெக்கார்டு பண்ணேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. ஏழு மாடியும் லிஃப்ட்தான் பேசுச்சு. கதவு திறந்தப்ப மட்டும் இதைச் சொன்னீங்க."

அவருக்கு அழுகை வந்தது. வந்ததை அவர் மெக்கானிக்காகவே சமாளித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியானால் சத்தம் ஏன் சேரவில்லை என்று இப்போது தெரிகிறது என்றார். அன்றைக்கு அவர் பட்டன் பலகையை ஒட்டின மூலையில், பையோடு நின்றிருந்தார். பெட்டி அந்தப் பக்கமாக அழுந்தும், அந்தப் பக்கத்துக் கீழ் ஷூ கனமாகத் தட்டும். அதே எடை அதே மூலையில் நிற்காமல் அந்தச் சத்தம் வராது.

கேமராப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, பையில் ரசமட்டம், கையில் கருவிப் பை. நில்லுங்க சார் என்றாள். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, லிஃப்டில் வருகிற சத்தம் அப்படியே பதிவாகும் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு எடுத்தார்கள். வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டம். கேமரா தரையில் டம்ளரைப் பார்த்துத் தொடங்கி, மெல்ல மேலே ஏறும். பாடகன் நடுவில், கிடாரும் டிரம்ஸ்காரனும் பின்னால், மகள் அப்பாவுக்குப் பக்கத்தில். கதவு மூடியது. டொக். தண்ணீரில் ஒரு வளையம். டக். இன்னொரு வளையம். அவர் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு. வீடியோவைப் பார்த்தவர்கள் பிறகு அதை நல்ல நடிப்பு என்று எழுதினார்கள்.

ஏழாவது மாடி. கதவு திறந்தது. பேசிக்கொண்டபடி பாடகன் பாடிக்கொண்டே வெளியே போனான். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அடுத்து மகள் இறங்க வேண்டும். அவள் இறங்கவில்லை. கதவு விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கேமராப் பெண் கையை ஆட்டினாள். மகள் அவளைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கேமராவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தரையையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை.

"பாத்து இறங்கு" என்றார்.

அவள் இறங்கினாள். அந்த ஓட்டத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். மகள் மட்டும் போகவில்லை. அவர் மறுபடி கூரைமேல் ஏறிப் புது லைனர்களை மாட்டுகிறவரை டார்ச் பிடித்தாள். வீட்டுக்குச் சாப்பிட வருவதாக அம்மாவுக்கு அவளே போன் செய்தாள். கடைசியாக அவர் பதிவேட்டை எடுத்து மெஷின் ரூம் மேஜைமேல் விரித்தார். செய்த வேலை எதுவானாலும் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. தேதி, லிஃப்ட் எண் எல்லாம் எழுதினார். முப்பத்தோரு வருடமாக ‘சத்தம் வருகிறது’ என்றே எழுதி வந்த புகார் கட்டத்துக்கு வந்தபோது பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ‘சத்தம் வரவில்லை. பழைய லைனர் மாட்டி வரவழைக்கப்பட்டது’ என்று எழுதினார்.

புகார் செய்தவர் என்ற கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதி, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.